ஓடினே இருந்தாதான் மிச்சம்

இந்த வருசம் கத்திரிக்கா நல்லா காய்ச்சிருந்திச்சி, ஐயா. குத்தம்பாக்கத்துலயே ஆயில் எஞ்சின் கீறது திருவேங்கட முதலியார் தோட்டத்துல மட்டுந்தான். அத்த ஓட்டுறவன் நானு.

மத்தியானம் பாய்ச்சல் கிடையாது. செர்மன் சண்டை வந்து மண்ணெண்ணெய்க்குத் திண்டாட்டம், அந்த நேரம் நிறுத்தி வைடான்னாரு முதலியாரு. நிறுத்தி நிறுத்திக் கெளப்பினா இன்னும் ஜாஸ்தி குடிக்கும் சாமி, ஓடினே இருந்தாதான் மிச்சம்னு சொன்னேன். நம்பிட்டாரு. பொய்தான். காலைல ஒரு தபா கெளப்பறதுக்கே எனக்கு உசுரு போயிட்டு வரும். முன்ன அத்த ஓட்டினவன் என் மச்சான் பரந்தாமன். கெளப்புறதுக்குக் கைப்பிடியைச் சுத்தும்போது அது எதிர்த்து அடிச்சி, நெத்தி பொளந்து, என் மடியிலதான் செத்தான். அன்னிலேர்ந்து பயம். பயந்தாங்கொள்ளிக்கு யாரு வேலை குடுப்பா?

நேத்து கெணத்துக்குள்ள கீற குழாய்ல பாசி அடைச்சிகினு தண்ணி ஏறல. தோட்டத்துக் கூலியாளு துலுக்கானம்தான் எப்பவும் எறங்கி வாருவான். எஞ்சினை நிறுத்துறியான்னு கேட்டான். கொஞ்ச நேர வேலைதானே, எறங்குன்னேன். பம்பு பெல்ட்டை மட்டும் கழட்டிட்டு எஞ்சினை சும்மா ஓட வுட்டேன். பொகைக் குழாய்ல ஓட்டை. பொகை கெணத்துக்குள்ளதான் எறங்கும். எனக்குத் தெரியும். சொவத்துல கூடு கட்டியிருந்த புறாங்க போன வாரமே செத்து மெதந்திச்சி, நான்தான் வாரிப் போட்டேன்.

எறங்கினவன் ஏறல. அவன் தம்பி சம்பத்து பதறிகினு வந்தான். உங்க அண்ணன் வழுக்கி வுழுந்துட்டான் போல, போய்ப் பாருன்னு சொன்னேன். கயித்தை நான்தான் புடிச்சிகினேன், அதுல ஒரு கொறையும் வைக்கல. பாதி தூரத்துல அவன் கை வுட்டுட்டான், கயிறு லேசாப் போச்சி. அப்பவும் எஞ்சின் நல்லாத்தான் ஓடிச்சி.

அப்புறம் துலுக்கானத்தோட பொஞ்சாதி வடிவு ஓடியாந்தா. கெணத்து மேட்டுல குப்புறப் படுத்து உள்ள பார்த்தா.

"எஞ்சினை நிறுத்து அண்ணாத்தே, அவரு கூப்புடறது காதுல வுழல."

"அவன் கூப்புடல"ன்னேன்.

என் மூஞ்சியப் பார்த்தா. பொடவையை இழுத்துச் சொருவிகினு அவளே எறங்கினா.

எஞ்சினை நிறுத்த, எண்ணெய்க் குழாயத் திருகி மூட ஒரு நொடி போதும், ஐயா. என் கை அதும்மேலதான் இருந்திச்சி. மூடியிருந்தா, மறுபடியும் நான்தானே சுத்திக் கெளப்பணும்?