செய்தது, செய்யாதது

சர்வீசுக்கு விட்ட கார் சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கிடைப்பது அபூர்வம். டாக்டர் அந்த விஷயத்தில் சுத்தமானவர். நான்கு மணி என்றால் நான்கு மணிதான். அவரைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் என்பது மெக்கானிக்கான அவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை என்ஜின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியைத் திருப்பித் தரும்போது ஒரு சீட்டு எழுதுவார். நடுவில் கோடு. இடது பக்கம் செய்தது, வலது பக்கம் செய்யாதது. கீழே வண்டிக்காரரின் கையெழுத்து. அசல் நமக்கு, கார்பன் நகல் அவருக்கு. நீங்கள் அந்த நகலை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

கார் வாங்கும்போதே பதினாறு வருடப் பழையது. கல்யாணமான மூன்றாவது மாதம் வாங்கினேன். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கத்து டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினார்.

"மாப்பிள்ளை, நீங்க கார் வாங்கல. தலைவலி வாங்கியிருக்கீங்க."

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தக் காரைப் பற்றி அவரிடம் ஒரு குறையும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் மழைக்காலம் தொடங்கியபோது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் வடிவத்தில் சின்ன விளக்கு. அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தாலும் எரிந்தது.

"உன் காருக்கு மஞ்சக்காமாலைடா," என்றாள் என் மனைவி. "யாருகிட்டயாவது காட்டு."

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பாள். காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம் என்னோடு காரில் வருவாள். அந்த நாட்களில் அவளுக்கு அடிக்கடி தலை வலித்தது. "கண்ணு டெஸ்ட் பண்றவளுக்கே தலைவலின்னு வெளிய சொல்லிடாத, கடையை மூடிடுவாங்க," என்பாள். காரில் ஏறினாலே தூக்கம் வருகிறது என்றும் சொல்வாள். வேலைக் களைப்பு என்று நினைத்தோம்.

டாக்டரிடம் காட்டினேன். ஒரு சிறு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் விளக்கு என்றார். என்ஜினிலிருந்து வரும் புகையை முகர்ந்து பார்த்துச் சொல்கிற மூக்கு அது. அதற்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் ஓர் இரும்பு வளையத்தை வைத்துவிட்டால், மூக்கு புகையிலிருந்து தள்ளி நிற்கும், விளக்கு எரியாது. அப்படித்தான் செய்தார். நான்கு மணிக்கு வண்டி தயாராக இருந்தது. விளக்கு எரியவில்லை. என் மனைவி டாஷ்போர்டைத் தட்டி, "குணமாயிடுச்சு," என்றாள்.

டாக்டர் செய்தது அதுதான். விளக்கை அணைத்தார். அந்த விளக்கு எரிந்திருந்தால் நான் அந்தச் சனிக்கிழமை காரை எடுத்திருக்க மாட்டேன்.

மாமனாருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துவரக் கிளம்பினோம். வழியெல்லாம் மழை. அவளுக்குத் தலைவலி, பின் சீட்டில் படுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு பழக்கம், என் பக்கத்துக் கண்ணாடியை எப்போதும் இரண்டு விரல் அளவு இறக்கியே வைத்திருப்பேன். கல்லூரி நாளிலிருந்து உள்ள பழக்கம்.

பாலத்துக்கு முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்றிருந்தது. வண்டிகள் அசையவில்லை. என்னவென்று பார்க்க இறங்கினேன். அவளுக்குக் குளிராமல் இருக்க ஹீட்டரை ஓடவிட்டேன். மழை உள்ளே அடிக்கும் என்று என் கண்ணாடியை ஏற்றினேன். பூட்டிய கடை ஒன்றின் ஓரம் ஒதுங்கி, லாரியை இழுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. மேடு பள்ளங்களில் மெதுவாக ஓட்டினேன். ஒரு முறை போன் வந்தது, குரலைத் தாழ்த்திப் பேசினேன். மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றிருந்தார். குனிந்து பின் சீட்டைப் பார்த்தார்.

"அசந்து தூங்குறா பாருங்க. எழுப்பாதீங்க மாப்பிள்ளை. உள்ள வந்து ஒரு டீ குடிங்க."

குடித்தேன். அவர் இரண்டாவது கோப்பை ஊற்றினார். பிறகு இருவரும் போய் அவளை எழுப்பிப் பார்த்தோம். அவள் கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. பல நாள் கழித்து அவள் முகத்தில் ரத்த ஓட்டம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

பழைய வண்டி, உள்ளே புகுந்த புகை, விபத்து என்று அந்த ஊர் போலீஸில் எழுதி முடித்தார்கள். காரைத் திருப்பித் தந்தார்கள். விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விற்கவில்லை. அவளுடைய கைக்குட்டை பின் சீட்டின் இடுக்கில் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை. தினமும் நாற்பது நிமிடம் போய், நாற்பது நிமிடம் வந்தேன். கண்ணாடிக் கடை முன்னால் நிறுத்துவேன். யாரும் இறங்காததால், கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்புவேன். பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்கும். என்ஜின் சத்தம்தான் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவது மாதம் விளக்கு திரும்ப எரிந்தது. மஞ்சக்காமாலை திரும்பிடுச்சு என்று யாரோ சொன்னது போல் இருந்தது. டாக்டரிடம் போனேன்.

அவருக்கு எதுவும் தெரியாது. அது நடந்தது வேறு ஊரில், அவருக்கு யார் சொல்வார்கள்? கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க சார், ரொம்ப நாளாச்சு. தங்கச்சி வரலையா? எப்படி இருக்காங்க?"

"தூங்குறா," என்றேன்.

அவர் அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

பட்டறையில் தரையைத் தோண்டிக் கட்டிய குழி ஒன்று உண்டு. அதன்மேல் காரை நிறுத்திவிட்டு, அவர் கீழே இறங்கிப் பார்ப்பார். புகை வெளியே போக ஒரு ரப்பர் குழாய். அதன் ஒரு முனையைச் சைலன்சரில் மாட்டினால், மறுமுனை பின்சுவருக்கு வெளியே இருக்கும்.

"குழாயை மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க சார். அப்படியே ஓடட்டும்."

மாட்டினேன். ஸ்டார்ட் செய்தேன். மழைச் சாரல் அடித்தது, ஷட்டரை இறக்கச் சொன்னார். இறக்கினேன். குழாய் நழுவி விழுந்திருக்கிறது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது நழுவவில்லை. அவர் கீழே பேசிக்கொண்டிருக்கும்போது நான் கழற்றித் தரையில் வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

அவர் எப்போதும் பேசிக்கொண்டே வேலை செய்வார். "இந்த வளையம் பாவம் சார், எத்தனை நாளைக்குத்தான் பொய் சொல்லும்," என்றார். பழைய நட்டு ஒன்றைத் திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ தலை வலிக்குது," என்றார். பிறகு ஒரு கொட்டாவி.

"தூக்கம் தூக்கமா வருது சார்."

அவள் சொன்ன அதே குரலில் சொன்னார். இதை நீங்கள் நம்ப வேண்டாம்.

சின்னக் கதவு வழியாக வெளியே வந்து, அதைச் சாத்தினேன். எதிர்க் கடையில் உட்கார்ந்து டீ சொன்னேன். இரண்டு கோப்பை குடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணி ஆகும் வரை காத்திருந்தேன். எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினேன். அவருடைய கன்னமும் சிவந்திருந்தது.

இப்போது இந்தச் சீட்டு, முதல் முறை விளக்கை அணைத்த அன்று அவர் எழுதியது. செய்தது: வளையம் வைத்து விளக்கு அணைக்கப்பட்டது, வண்டிக்காரர் சொன்னபடி. செய்யாதது: புகைக்குழாயில் விரிசல், புகை உள்ளே வருகிறது, மாற்ற மூன்று நாள் ஆகும். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். எடுத்தால் கண்ணாடி இறக்கி ஓட்டவும். தங்கச்சியிடம் சொல்லவும்.

ஆமாம், மூன்று நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். "சென்சார் பொய் சொல்லல சார், உள்ளதைத்தான் சொல்லுது," என்றார். சனிக்கிழமை மாமனார் என் பக்கத்துச் சீட்டில் உட்காரப் போகிறார், புதுக் கண்ணால் முதலில் அந்த விளக்கைத்தான் பார்ப்பார் என்றேன். விளக்கு எரியக் கூடாது, மற்றது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். நான் வற்புறுத்தினேன். ஆனாலும் வளையத்தை வைத்த கை அவருடையதுதானே.

கையெழுத்து என்னுடையது. ஆனால் படிக்காமல் போட்டேன். யார் இதையெல்லாம் படிக்கிறார்கள்?

கண்ணாடியை எப்போதிலிருந்து இறக்கி வைக்கிறேன் என்று கேட்கிறீர்கள். அவளும் கேட்டாள். பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வந்த அன்று மாலை, மழையில். "என்ன புதுசா கண்ணாடியைத் திறந்து வெச்சிருக்க? நனையுது பாரு," என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் விளக்குதான் எரியவில்லையே, அவளை ஏன் வீணாகப் பயமுறுத்த வேண்டும்?