ஆற்றில் விழுந்த பன்னிரண்டு கிணறுகள்

"பிப்ரவரி 9. கணினி வரைபடத்தில் பன்னிரண்டு கிணறுகளும் ஆற்றுக்குள் விழுந்தன. ஒவ்வொன்றாகச் சுட்டியால் இழுத்துக் கரையில் வைத்தேன். தவறு. யாரிடமும் சொல்லவில்லை."

முப்பத்தோராண்டு எங்கள் புவித்தகவல் ஆய்வகத்தைக் கண்ணெனக் காத்த பேராசிரியைப் பெருந்தகையே! மாலை வகுப்பு மாணவியின் குறிப்பேட்டு வரிகளை, அவள் இசைவோடு, இம்மடலின் முகப்பில் வைத்தோம். அழித்துத் திருத்த வசதியாக எதையும் பென்சிலாலேயே எழுதுவதால் தாங்கள் 'பென்சில்' எனப் பெயரிட்டவள் அவள்.

விலைக்கு வாங்கிய மென்பொருளைத் திறக்கும் ஒரே பூட்டுச்சாவி செருகிய ஒரே கணினிக்காக இருபது பேர் வரிசையில் நின்ற அறை இது. யாரும் விலையின்றிப் பெற்று, உள்ளே எப்படி இயங்குகிறது என்றும் பார்க்கக்கூடிய திறந்தமூல மென்பொருளை இங்கே கொண்டுவந்தீர்கள். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பார்க்க முடியும்?" என்று சிலர் சிரித்தார்கள். "இந்த மாட்டைப் பார்க்கலாம். அதுக்குத்தான் வாயைத் திறந்து வெச்சிருக்கு" என்றீர்கள். சிரித்தவர்களில் இருவர் கீழே கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

பென்சில் மூன்று நாள் தன் கையையே சந்தேகித்தாள். பிறகு தாங்கள் எழுதிய பயிற்சிக் கையேட்டின் ஆறாம் பாடத்தை வரிவரியாகப் படித்தாள். பழைய தாள் வரைபடத்தின் இடக்கணக்கைச் செயற்கைக்கோள் கருவியின் இடக்கணக்கோடு பொருத்தும் படியே அதில் விடுபட்டிருந்தது; கிணறுகள் ஆற்றில் விழுந்தது அதனால்தான். பத்தொன்பது கல்லூரிகள் பயிலும் கையேடு. தங்கள் பணி நிறைவுக்கோ மூன்றே வாரம். சொன்னால் தங்கள் பெயருக்குப் பழுது. சொல்லாவிட்டால், குடிநீரைச் சோதிக்கச் செல்வோர் கிணறே இல்லாத இடத்தில் போய் நிற்பார்கள். தங்களிடமே சொல்லிவிட்டாள்.

பணி நிறைவு விழா முடிந்தபின் ஓசையின்றித் திருத்திக்கொள்ளலாம் என்று தங்களிடம் சொன்னவர்கள் நாங்களே. தாங்கள் கையேடு இருக்கும் இணையப் பொதுத்தளத்தைத் திறந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினீர்கள்.

"படியை விட்டது நான்னு எழுதும்மா. கண்டுபிடிச்சது நீன்னும் எழுது. கிணத்தை இழுத்ததையும் விடாதே, அடுத்தவ இழுக்காம இருப்பா."

அவள் எழுதினாள். தாங்கள் ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்து வெளியிட்டீர்கள். விடுபட்ட படியை அவள் செய்ததும் வரைபடம் நகர்ந்தது, கிணறுகள் தம் இடத்திலேயே கரையேறின. ஒரு வாரத்தில் பதினேழு கல்லூரிகள் தத்தம் வரைபடங்களையும் திருத்திவிட்டதாக எழுதின.

பிழையைப் பெயரோடு ஒப்புக்கொண்ட பெரியீர்! கண்ணும் காலும் நலமாக, விரும்பிய வழியெல்லாம் நடந்து, நெடிது வாழ்க!

நாளைய வேலை என்ன என்று இம்மேடையிலும் கேட்பீர்கள். காலை பத்து மணிக்கு, பதில் வராத இரு கல்லூரிகளுக்கும் இத்திருத்தத்தைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பேசப்போவது பென்சில்.

அன்புடன்,
ஆய்வகப் பணியாளர்கள், மாலை வகுப்பினர்