வரிசையாகப் பதினாறு விளக்கு

தங்கை: பஸ் ஓட்டுற உனக்கு எஃப்பிஜிஏ போர்டு எதுக்குண்ணா?

அண்ணன்: லீவு நாள்ல பொழுது போகணும்ல. புதுசா கத்துக்கிறவனுக்கு எது தோதா இருக்கும்? அதைச் சொல்லு.

தங்கை: முதல்ல அது என்னன்னு தெரியுமா?

அண்ணன்: காலேஜ்ல விளக்கு எரியவிட்டியே...

தங்கை: அதேதான். சிப்புக்குள்ள வெறும் கட்டம் கட்டமா இருக்கும். எதை எதோட சேக்கணும்னு எழுதிக் குடுத்தா, நாம நினைச்ச பொருளாவே மாறிடும். காலையில கடிகாரம். பிடிக்கலையா, அழிச்சிட்டு சாயங்காலம் சிக்னல் விளக்கு.

அண்ணன்: அப்போ இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு...

தங்கை: எல்லாரும் பண்ற தப்பு இது. வண்டி பழக வர்றவன் கையில உன் பஸ்ஸைக் குடுப்பியா?

அண்ணன்: குடுத்தா என் வேலை போயிடும்.

தங்கை: ஆங். சின்னதே போதும். ஆனா சுவிட்சும் விளக்கும் போர்டுலயே இருக்கணும். நாம எழுதினது கண்ணு முன்னாடி எரியணும்ணா. அதுல ஒரு...

அண்ணன்: என்ன?

தங்கை: ஒண்ணுமில்ல. எங்க கிளாஸுக்கே ஒரே போர்டு. சாப்பாட்டு நேரத்துலதான் என் முறை வரும். முதல் தடவை விளக்கு ஓடினப்போ உனக்குத்தான் போன் பண்ணேன்.

அண்ணன்: நான் பஸ்ஸை காலேஜ் வாசல்லயே நிறுத்திட்டு ஓடி வந்தேன்.

தங்கை: உள்ள ஆளுங்க உக்காந்திருந்தாங்க, பாவம்.

அண்ணன்: திட்டு வாங்கினது நான்தானே. விளக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடி, திரும்பி வந்துச்சு. நீ கையைத் தட்டிக்கிட்டே நின்ன.

தங்கை: நல்லா இருந்துச்சுல்ல, அந்த நாளெல்லாம்.

அண்ணன்: ம். சரி, கடையில ஒண்ணு காட்டினான். சிவப்பு போர்டு. வரிசையா பதினாறு விளக்கு. அது தேறுமா?

தங்கை: ஓரத்துல சின்னத் திரை இருக்கே, அதுவா? தாராளமா. கம்ப்யூட்டர்ல சேக்கற ஒயர் கூடவே வரும். சில போர்டுக்கு அதைத் தனியா வாங்கணும், தெரியாம ஏமாந்துடுவாங்க. இது போன வருஷம்தான் வந்துச்சு...

அண்ணன்: போன வருஷமா?

தங்கை: ஆமா, ஏன்?

அண்ணன்: பொண்ணு பொறந்து வேலையை விட்டதுலேருந்து இந்தப் பக்கமே திரும்பலேன்னு சொன்ன?

தங்கை: அவ ஸ்கூலுக்குப் போனப்புறம் சும்மா போன்ல பாப்பேன். வாங்க எல்லாம் மாட்டேன். பாக்கறதோட சரி.

அண்ணன்: நான் கொண்டாந்த அந்தப் பையை எடு.

தங்கை: காய்னுதானே சொன்ன?

அண்ணன்: மேல காய். அடியில பாரு.

தங்கை: அண்ணா... இது... அந்தச் சிவப்பு போர்டு!

அண்ணன்: தப்பா வாங்கிட்டேனோன்னு வர்ற வழியெல்லாம் பயம். அதான் கேட்டுப் பாத்தேன்.

தங்கை: திருப்பிக் குடுத்துடு. என்னால ஆகாது. எனக்கு எல்லாமே மறந்துபோச்சுண்ணா.

அண்ணன்: தெரியும். அதனாலதான், புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னு கேட்டு வாங்கினேன்.