பெட்டிக் கொக்கி பூட்டிய தண்ணீர்

தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பழுதானால் தோட்ட ஆபீசுக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதில் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. பொகவந்தலாவை பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களில் இளையவருக்கு அந்த விதி தெரியாது, அல்லது மிக நன்றாகத் தெரியும்.

"தகரப் பெட்டிக் கொக்கியக் கழட்டி தண்ணியப் பூட்டிட்டேன், மதினி."

"தண்ணிய எப்புடி புள்ள பூட்டுவ?"

"ஹோஸும் குழாயும் சேர்ற எடம் தெனம் பிச்சுக்கிட்டு, லயத்து வீடு பூரா தண்ணி இல்லாமக் கெடந்தோம்ல? எண்ணெய் டின்னப் பட்டையா வெட்டி, ஹோஸச் சுத்தி வளைச்சு, முனையில கொக்கிய வச்சேன். அழுத்துனா டக்குனு பூட்டிக்கும்."

"மொதத் தடவையே புடிச்சிருச்சா?"

"எங்க! வெறும் ஹோஸ அளந்து வெட்டிட்டேன். குழாய்ல மாட்டுனதும் ஹோஸ் உப்பிருச்சு, கொக்கி எட்டல. லயமே சிரிச்சுச்சு. அப்புறம் மாட்டி வச்சே அளந்தேன். இப்ப சொட்டு ஒழுகல. பெட்டியத்தான் கயித்தால கட்டி வச்சிருக்கேன்."

மதினி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"ஆபீசுக்கு எழுதுன கடுதாசிக்குப் பதில் வந்துச்சா?"

"வந்துச்சு மதினி, ஆள் அனுப்புறாங்களாம். பொங்கலன்னைக்குத்தான் வந்துச்சு, அந்தத் தண்ணியில பான பொங்கி வழியுறப்ப."