மூன்று நாள் வெயில்

இந்த டீயை நீங்களே குடித்துவிடுங்கள் சார். தவறாக நினைக்க வேண்டாம், வெளியில் போட்ட டீயை நான் தொடுவதில்லை. உடம்பு விஷயத்தில் கொஞ்சம் கவனமான ஆள்.

கொரோனா இரண்டாம் அலையில், பீளமேட்டில் எங்கள் ஃப்ளாட்டில், என் மனைவி லோகப்பிரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெஸ்டில் பாசிட்டிவ். எனக்கு நெகட்டிவ். சாவுக்கு நான் பயப்படவில்லை. அது ஒரு வாரத்தில் முடிகிற வேலை. பிழைத்தவர்களைப் பற்றித்தான் நிறையப் படித்திருந்தேன். மாடிப்படி ஏறவிடாத நுரையீரல், தன் பெயரையே தேடும் மூளை. முப்பத்தெட்டு வயதில் எனக்கு அது தேவையா?

அதனால் அவளைப் படுக்கையறையில் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பதினான்கு நாளுக்கு பிரெட், தண்ணீர், மாத்திரை எல்லாம் உள்ளே வைத்திருந்தேன். நான் கல்நெஞ்சன் இல்லை. போனை மட்டும் கொடுக்கவில்லை. உள்ளே போனது ஒருநாள் வெளியே வருமே.

ஐந்தாம் நாள் கதவைத் தட்டி, "ஏனுங்க, மூச்சு உட முடியலீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள். ஹாலைக் கடந்துதான் வெளியே போக முடியும், அந்த ஹாலில்தான் நான் தூங்குகிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். மறுபடி தட்டவில்லை. புரிந்துகொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கதவடியில் ஒரு சீட்டு வந்தது. இடுக்கியால் எடுத்துப் பால்கனி வெயிலில் வைத்தேன்.

அதற்கடுத்த நாள் கிணத்துக்கடவிலிருந்து மாமியார் முத்தாத்தாள் கூப்பிட்டார். "அம்மணிய ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க மாப்ள."

"தூங்கறாளுங்க அத்தை" என்றேன். பொய்யில்லை, உள்ளே சத்தமே இல்லை.

மூன்று நாள் காய்ந்த பிறகு சீட்டைப் படித்தேன். '108-க்கு மட்டும் சொல்லுங்க. அவங்க வர்றப்ப நீங்க கீழ போய் நின்னுக்கோங்க.' நல்ல யோசனைதான். எனக்குத் தோன்றவில்லை.

பதினோராம் நாள் பக்கத்து ஃப்ளாட் டெய்சி, வாடை வருகிறதென்று உங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். இன்னும் மூன்று நாள் பொறுத்திருக்கலாம். கதவைத் திறக்காதது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடை எனக்கு மட்டும் தெரியவேயில்லை. நீங்கள் எடுத்த டெஸ்டில் எனக்கும் பாசிட்டிவ் என்கிறார்கள். எப்படி என்று யோசித்துப் பார்த்தேன், அந்தச் சீட்டுதான்.

லோகப்பிரியா இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் சார்.