கர்த்தர் வந்தால் எழுப்பிவிடுங்கள்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து ராகலை பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

“பாஸ்டர் ‘கர்த்தர் வர்ற நேரம் தெரியாது, விழிச்சிருங்க’ன்னு பேசுறப்பவே கொறட்டை விட்டியேடி மேரி!” என்றார் மூத்தவர்.

“கர்த்தர் வந்தா நீங்க எழுப்பி விடுங்கக்கா. பக்கத்து வீடுதானே.”

“ஒரே மலையில கொழுந்து எடுக்குற ரெண்டு பேருல ஒருத்திய மட்டுந்தான் பரலோகத்துக்குக் கூட்டிட்டுப் போவாராம். எழுப்ப எனக்கு ஏது நேரம்?”

“அப்ப நீங்க விட்டுட்டுப் போற கூடைய யாரு தூக்கிட்டுப் போயி நிறுப்பா? நான்தானே!”

அக்கா சிரித்துவிட்டார். மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நெசமாவே என்னைய விட்டுட்டுப் போயிருவீங்களாக்கா?”

“அழுவாதடி. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு ஜெபத்துக்கு நானே வந்து கதவத் தட்டுறேன்.”

மறுநாள் மாலை அதே பஸ்ஸில் மேரி சொல்லக் கேட்டேன். ஐந்து மணிக்கு மேரிதான் போய் அக்காவின் கதவைத் தட்டினாராம், மூன்று முறை.