வாலுக்குள் ஒரு சத்தம்

– இன்னும் கத்துது மாப்ள.

– எங்க அத்தான்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

– வாலுக்குள்ள. குனிஞ்சு காத வை. உய்ய்ய்ங்னு, கொசு உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி.

– வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மீட்டரும் ஒண்ணும் காட்டல. காலையில வாலுல இருக்கிற ரெண்டு சர்வோ மோட்டாரும் சேந்து குடிச்ச கரண்டுல இப்ப பத்துல ஒரு பங்குகூட இல்ல.

– மீட்டர் கிடக்கட்டும். நீ மீட்டர் வாங்குறதுக்கு முன்னாடியே நான் ரிமோட் விமானம் ஓட்டுறவன். கிளப்புல எவன் சர்வோ கத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுறான். ஏன்?

– உங்க காதுக்காக.

– அந்தக் காது சொல்லுது, உன் சர்வோ ரெண்டும் ஒத்துப்போகலன்னு.

– என் சர்வோவா அத்தான்? ரெண்டு பேரும் சேந்து கட்டின விமானம். நல்லா இருந்தா நம்மது, கத்தினா என்னதா?

– தேர்ந்தெடுத்தது யாரு? வால்ல திருப்புற ரட்டருக்கு ஒத்த சர்வோ போதும், பெருசா ஒண்ணு போடுவோம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்.

– போன விமானத்துல அப்படித்தானே போட்டோம். நடுவானத்துல அது செத்துச்சு. திருப்ப முடியாம வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து, மூட்டையில அள்ளிட்டு வந்தோம். வேலிக்கு இந்தப் பக்கம் குழந்தைகுட்டியோட ஆளுங்க நின்னாங்க. அவங்க மேல விழுந்திருந்தா? ரெண்டு இருந்தா, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இறக்கிக் குடுத்துடும்.

– அதுக்குன்னு ஒரே உறையில ரெண்டு கத்தியா?

– ரெண்டையும் சமாதானம் பண்ணத்தானே காலையிலேர்ந்து பாடுபடறோம். ரட்டரை நடுவுல நிறுத்திப் பாத்தாச்சு. இடது கடைசி, வலது கடைசி பாத்தாச்சு. ரெண்டோட கையும் ஒரே நீளம். ரட்டரை இழுக்கிற வலது கம்பிய அரைச் சுத்து திருகினேன், மீட்டர் மளமளன்னு இறங்கிடுச்சு.

– இறங்கிச்சு. சத்தம் இறங்கலையே.

– அதான் அத்தான் எனக்குத் தலை சுத்துது. ஒருவேளை மேல ஓடுற ஃபேனுக்கு ரெக்கை அதிருதோ? நிறுத்தறேன். இப்ப எப்படி இருக்கு?

– இப்பத்தான் இன்னும் நல்லா கேக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஃபேன் மேல பழி போடாத.

– சரி, வலது கம்பியக் கழட்டிட்டேன். இப்ப இடது சர்வோ மட்டும்தான் ரட்டரைப் பிடிச்சிருக்கு. கத்துதா?

– கத்துது.

– அப்ப இடதுதான் கோளாறு. இருங்க, அதைக் கழட்டிட்டு வலதை மாட்டறேன். இப்ப?

– இதுவும் கத்துது.

– தனியா இருக்கிற சர்வோ யாரோட அத்தான் சண்டை போடும்?

– அதை நீதான் சொல்லணும். வாங்கினவன் நீ.

– இது கடையில மாத்தி வாங்கின ரெண்டாவது ஜோடி. முதல் ஜோடியும் கத்துதுன்னீங்க. கடைக்காரர் நம்ம முன்னாடியே மாட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னார்.

– நான்கூட அவரை வாங்கு வாங்குன்னு வாங்கினேனே.

– ஆமா. நான் வெளியில வந்து நின்னுக்கிட்டேன். அத்தான், எனக்கு ஒரு சந்தேகம். நான் வேலை பாக்கறது அச்சகத்துல. நாள் முழுக்க மிஷின் பக்கத்துல நிக்கறேன். என் காதுதான் போயிடுச்சோ?

– இருக்கும். போய் டாக்டரைப் பாரு. காது போறதுல வெக்கப்பட என்ன இருக்கு? நாள் கடத்தினாத்தான் தப்பு.

– பாக்கறேன். இந்தாங்க, இடதையும் திரும்ப மாட்டிட்டேன். மீட்டர் வேற மங்கலா எரியுது. நான் விமானத்தோட முன்பக்கம் என்னன்னு பாத்துட்டு, அப்படியே முகம் கழுவிட்டு வரேன். நீங்க வாலைப் பாத்துக்கங்க.

– நான் எங்க போகப்போறேன்.

– ஏங்க, தரையில ஏன் இப்படிக் குப்புறப் படுத்திருக்கீங்க?

– ஷ்ஷ். பாத்து வா. மூக்கு ஜன்னல்கிட்ட இருக்கு, வாலு இங்க கிச்சன் வாசல்ல இருக்கு. நடுவுல ரெக்கை. இடிச்சுடாத.

– என் வீட்டு ஹால்ல நான் பல்லி மாதிரி சுவரோரமா போகவேண்டியிருக்கு. தம்பியை என்ன சொன்னீங்க? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போறான்.

– உள்ளதைச் சொன்னேன். இதோ பாரு, இந்த ரட்டர் பலகையை ரெண்டு குட்டி மோட்டார் பிடிச்சு அசைக்குது. அதான் சர்வோ. ரெண்டும் ஒரே அளவு இழுத்தா சத்தமே இருக்காது. ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன இழுத்தா, ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். கத்தும், சூடாகும், பேட்டரியைக் குடிச்சுடும். அப்புறம் வானத்துல இருக்கிறது எவன் தலையிலயாவது வந்து இறங்கும்.

– இப்ப மல்லுக்கட்டுதா?

– அதைத்தான் காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன். நாளைக்கு முதல் தடவையா பறக்கணும், மொத்த கிளப்பும் வருது. நான் முடிவு பண்ணிட்டேன். இந்த ரெண்டையும் பிடுங்கிப் போட்டுட்டு, அலமாரியில இருக்கிற பெரிய ஒத்த சர்வோவை மாட்டப்போறேன். இனிமே அவனோட கூட்டுச் சேந்து கட்டறதும் இல்ல.

– போன தடவை செத்துப்போச்சே, அந்த மாதிரி ஒண்ணா?

– அது கத்தாம செத்துச்சு.

– நல்லா இருக்கு நியாயம். இதைக் கேட்டா அவன் உடைஞ்சு போயிடுவான். ஒரு வருஷமா லீவு நாளெல்லாம் இங்கதான் கிடக்கறான். நீங்க சிரிச்சுப் பேசற ஒரே ஆளும் அவன்தான்.

– நல்ல சர்வோ பாத்து வாங்கத் தெரியாதவனோட எனக்கென்ன பேச்சு?

– உங்களுக்கு எதுதான் நல்லா இருந்திருக்கு? ஃப்ரிட்ஜு கத்துதுன்னு மெக்கானிக்கை ரெண்டு தடவை வரவச்சீங்க. ஒண்ணுமில்ல சார்னு கையை விரிச்சுட்டுப் போனான். பாம்புக் காது உங்களுக்கு. பக்கத்துல இருக்கிறவங்கதான் படறோம்.

– அந்த மெக்கானிக்குக்குக் காது சரியில்ல. நீ வா, உக்காரு. இப்படி வாலோட காத வை. ரட்டரைத் தொடாத, செட்டிங் போயிடும்.

– வச்சாச்சு.

– கேக்குதா?

– குழாய்ல தம்பி முகம் கழுவறது கேக்குது.

– அது இல்ல. மூச்சை அடக்கிக்கிட்டுக் கேளு.

– சாப்பாடு ஆறுதுங்க.

– கேக்குதா இல்லையா? ஆளாளுக்கு என்னைப் பைத்தியக்காரனப் பாக்கற மாதிரி பாக்கறீங்க. கடைக்காரன் பாக்கறான், மெக்கானிக் பாக்கறான், உன் தம்பி பாக்கறான். இங்க எனக்கு இவ்வளவு தெளிவாக் கேக்குது. நீயாவது சொல்லேன்.

– சரி. கேக்குது.

– நிஜமா?

– லேசா. எங்கயோ தூரத்துல கேக்கற மாதிரி. போதுமா, எந்திரிங்க.

– பாத்தியா. என் காது என்னிக்கும் பொய் சொன்னதில்ல. மாப்ள, இங்க வா. உங்க அக்காவுக்கே கேக்குதாம். இனிமே மீட்டரு கீட்டருன்னு என்கிட்ட வாயைத் திறக்காத.

– என்னக்கா கேக்குது? ரெண்டு பேரும் எதுக்கு வாலுல காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? பேட்டரியத்தான் நான் அப்பவே கழட்டி, உள்ள சார்ஜ் போட்டுட்டேனே.